உஷ்ட்ராசனம்: குதிகால தொடறதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் ஃபோட்டோ அனுப்பிருந்தா. உஷ்ட்ராசனம் பண்ணி ரெண்டு கையும் குதிகால்ல வச்சிருக்கா, "பாத்தியா, பத்து நாள்ல வந்துடுச்சு"ன்னு கீழ எழுதிருக்கா. எனக்கு சந்தோஷம்தான், ஆனா ஃபோட்டோவ பெருசாக்கி பாத்தப்ப கொஞ்சம் பயமாயிடுச்சு. தொடை ரெண்டும் பின்னாடி சாஞ்சிருக்கு, நெஞ்சு மேல எழும்பவே இல்ல, தலை அப்படியே தொங்குது, மொத்த வளைவும் இடுப்புல ஒரே ஒரு இடத்துல மடிஞ்ச மாதிரி இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் அச்சு அசல் இப்படித்தான் பண்ணேன், அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதனால அவகிட்ட ஃபோன்ல ஒரு மணி நேரம் பேசினேன், பேசினதோட ஆறல, இங்கயும் எழுதுறேன். இந்த ஆசனம் எனக்கு ரொம்ப பிடிச்ச ஆசனம், இன்னைக்கும் வாரத்துல மூணு நாள் பண்றேன், அதனால பயமுறுத்துறதுக்காக எழுதலன்னு முதல்லயே சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. முட்டி போட்டு நிக்கணும், தொடை தரைக்கு நேரா செங்குத்தா இருக்கணும், நெஞ்ச மேல தூக்கி, மெதுவா பின்னாடி வளைஞ்சு கைய குதிகால்ல வைக்கிறது. உஷ்ட்ரம்னா ஒட்டகம். கேரண்ட சம்ஹிதைன்னு ஒரு பழைய ஹட யோக நூல் இருக்கு, அதுல 32 ஆசனம் சொல்லிருக்கு, உஷ்ட்ராசனமும் அதுல ஒண்ணு, ஆனா அதுல வர்றது குப்புற படுத்து, கால மடிச்சு முதுகு பக்கம் கொண்டு வந்து கையால பிடிக்கிறது, அதாவது இப்ப நாம தனுராசனம்னு பண்றோமே கிட்டத்தட்ட அது. முட்டி போட்டு பண்ற இந்த வடிவமே அதுல இல்ல. குதிகால தொட்டாதான் ஆசனம் முழுசுன்னு யாராவது சாஸ்திரம் மாதிரி சொன்னா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் பத்து மணி நேரம் உக்காந்து வேலை பாக்கிறவ. தோள் முன்னாடி கூனி, மூச்சு மேலோட்டமா, சாயங்காலம் ஆனா முதுகு பலகை மாதிரி ஆயிடும், அதுக்காகத்தான் யோகா கிளாஸ்லயே சேந்தேன். சேந்து ரெண்டாவது மாசம் உஷ்ட்ராசனம் வந்துச்சு. ரூம்ல இருபது பேர் இருந்தோம், சொல்லிக் குடுத்தவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கை எட்டிரும்"னு சொல்லிட்டே நடந்துட்டு இருக்கார், பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் தொட்டுட்டாங்க. நான் மூச்ச அடக்கிட்டு இடுப்ப பின்னாடி தள்ளி வலது கைய போட்டேன், எட்டுச்சு. இடது கைய போட்ட அந்த செகண்ட்ல இடுப்புக்கு கொஞ்சம் கீழ, வலது பக்கமா, கதவு இடுக்குல விரல் மாட்டின மாதிரி சுருக்குன்னு ஒண்ணு. சொன்னேன் அவர்கிட்ட. "வலி நல்லதும்மா, திறக்குதுன்னு அர்த்தம், அப்படியே இரு"ன்னார். இருந்தேன். அடுத்த மூணு வாரம் காலைல பல் தேய்ச்சுட்டு வாய் கொப்பளிக்க குனிஞ்சா வாஷ்பேசின ரெண்டு கையாலயும் பிடிச்சாதான் நிமிர முடியும். கூர்மையா குத்துற வலியும், கரண்ட் மாதிரி ஓடற வலியும் எந்த காலத்துலயும் நல்ல வலி கிடையாது. தசை நீளும்போது பரவலா ஒரு இழுப்பு தெரியும், அது வேற. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம பின்வளைவு ஆசனம் சொல்லித் தரவே கூடாதுன்னு இப்பவும் எனக்கு ஆதங்கமா இருக்கு.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன். அவங்க முதுக தொடறதுக்கு முன்னாடி கட்டில் ஓரத்துல மல்லாக்க படுக்க வச்சு, ஒரு முட்டிய நெஞ்சோட கட்டிக்க சொல்லிட்டு, இன்னொரு கால அப்படியே தொங்க விட சொன்னாங்க. தொங்க விட்ட காலோட தொடை கட்டில்ல போய் படியணுமாம். எனக்கு அந்தரத்துல நின்னுச்சு. அவங்க உள்ளங்கைய தொடைக்கும் கட்டிலுக்கும் நடுவுல விட்டு, "பாருங்க, என் கை தாராளமா போகுது"ன்னாங்க. அப்பதான் சோவாஸ்ங்கற தசைய பத்தி முதல் முறையா கேள்விப்பட்டேன். அது முதுகெலும்போட பக்கத்துல, இடுப்பு பகுதி எலும்புகள்ல ஆரம்பிச்சு, அடிவயித்துக்குள்ள இறங்கி, தொடை எலும்போட உள்பக்கம் போய் ஒட்டுது. நாள் பூரா உக்காந்தே இருந்தா அது குறுகின நிலையிலயே பழகிடும். அப்படி இறுகின தசையோட போய் பின்னாடி வளைஞ்சா தொடைப்பூட்டு திறக்காது, அந்த தசை இடுப்பு எலும்ப முன்னாடி இழுத்து பிடிச்சுக்கும், வளைய வேண்டிய பாரம் மொத்தமும் கீழ் முதுகு தலையில விழும்.

மேல் முதுகும் ஒத்துழைக்காது, அதுக்கும் காரணம் இருக்கு. முதுகெலும்புல அசையக்கூடிய எலும்பு 24, கழுத்துல 7, மார்புல 12, இடுப்புல 5. மார்புல இருக்கிற 12லயும் விலா எலும்பு வந்து சேருது, போதாததுக்கு பின்னாடி நீட்டிட்டு இருக்கிற முள்ளு பகுதி கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சிருக்கும், பின்னாடி வளைஞ்சா சீக்கிரமே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். ஆனா கழுத்தும் இடுப்பும் சட்டுனு வளையும். பாயை மடிச்சா ஏற்கனவே மடிப்பு விழுந்த இடத்துலதானே திரும்பவும் மடியும், அதே கதைதான். அதனாலதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு உஷ்ட்ராசனத்துல கழுத்து ஒரு மடிப்பு, இடுப்பு ஒரு மடிப்பு, நடுவுல முதுகு சொன்ன பேச்சு கேக்காம நேரா நிக்கும். கை குதிகாலுக்கு போயிடும், ஆனா திறக்க வேண்டிய நெஞ்சு திறந்திருக்காது.

சரியா பண்ணா என்ன கிடைக்கும்னு கேட்டா, எனக்கு கிடைச்சத சொல்றேன். முன் தொடை, தொடை இடுக்கு, அடிவயிறு, நெஞ்சு, தோளோட முன்பக்கம் இது எல்லாம் ஒரே நேரத்துல நீளுது, இப்படி உடம்போட முன்பக்கம் மொத்தத்தையும் நீட்டுற ஆசனம் ரொம்ப கம்மி. முதுகெலும்ப ஒட்டி ரெண்டு பக்கமும் ஓடுற தசையும், புட்டத்து தசையும், தோள்பட்டை எலும்ப உள்ள இழுக்கிற தசையும் வேலை செஞ்சு பலமாகுது. விலாவுக்கு நடுவுல இருக்கிற தசை இளகுறதால மூச்சு பக்கவாட்டுல விரியறத நானே கைய வச்சு பாத்துக்குவேன். ஆறு மாசத்துக்கு அப்புறம் உக்காந்திருக்கும்போது தோள் தானா பின்னாடி போச்சு, யாரும் "நிமிந்து உக்காரு"ன்னு சொல்ல வேண்டியதில்ல. சாயங்கால முதுகு இறுக்கம் முழுசா போச்சுன்னு சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல குறைஞ்சுது. ஆனா தைராய்டு சரியாயிடும், சுகர் குணமாயிடும்னு போற இடமெல்லாம் சொல்றாங்க பாருங்க, அத நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன். கழுத்த நீட்டறதுங்கறது மாத்திரைக்கு பதில் ஆகாது.

இப்ப நான் திரும்ப கத்துக்கிட்ட விதம். சுவர் வேணும், வேற ஒண்ணும் வேணாம், முட்டிக்கு கீழ நாலா மடிச்ச போர்வை ஒண்ணு. சுவத்த பாத்து முட்டி போடுங்க, முட்டி ரெண்டும் சுவத்த தொட்டுட்டு இருக்கட்டும், நடுவுல இடுப்பு அகலம் இடைவெளி. தொடையோட முன்பக்கமும் அடிவயித்துக்கு கீழ இருக்கிற எலும்பும் சுவத்துல ஒட்டணும். உள்ளங்கைய பின்னாடி இடுப்பு எலும்புக்கு கீழ வைங்க, விரல் கீழ பாத்த மாதிரி, முழங்கை ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்க பின்னாடி போகட்டும். இப்ப வளையாதீங்க. முதல்ல வாலெலும்ப கீழ இறக்கி, தொப்புள லேசா உள்ள இழுத்து, மூச்ச உள்ள எடுக்கும்போது நெஞ்செலும்ப கூரைக்கு தூக்குங்க, யாரோ சட்டை காலர பிடிச்சு மேல இழுக்கிற மாதிரி. மூச்ச விடும்போது அந்த உயரத்த விடாம கொஞ்சம் பின்னாடி. எப்ப தொடை சுவத்த விட்டு விலகுதோ அதுதான் உங்க இன்னைக்கு எல்லை. எனக்கு முதல் நாள் அந்த எல்லை எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? நாலு விரக்கடை கூட இல்ல. நெஞ்ச தூக்கின உடனேயே தொடை விலகிடுச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இவ்வளவு நாள் குதிகால தொட்டது எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு அப்ப புரிஞ்சுது.

ரெண்டு மாசம் சுவத்தோடயே இருந்தேன். கூடவே தினமும் ஒரு முட்டி தரையில, ஒரு கால் முன்னாடி வச்சு தொடை இடுக்க நீட்டுற ஆஞ்சநேயாசனம், ஒரு பக்கம் ஒரு நிமிஷம். மேல் முதுகுக்கு டவல சுருட்டி தோள்பட்டை எலும்புக்கு கீழ குறுக்க வச்சு அஞ்சு நிமிஷம் சும்மா மல்லாக்க படுத்திருப்பேன். குப்புற படுத்து நெஞ்ச தூக்கற புஜங்காசனமும், நெஞ்சும் காலும் சேத்து தூக்கற சலபாசனமும் பண்ணேன், கைய அழுத்தி ஊன்றாம, ஏன்னா அப்பதான் முதுகு தன் பலத்துல எழும்பும். அப்புறம்தான் சுவத்த விட்டு வந்து, கால் விரல மடிச்சு ஊன்றி பண்ணேன், அப்படி ஊன்றினா குதிகால் மேல வரும், இறங்க வேண்டிய தூரம் குறையும். அதுவும் வரலன்னா கணுக்காலுக்கு பக்கத்துல ரெண்டு பக்கமும் யோகா பிளாக், அதாவது செங்கல் மாதிரி இருக்கிற கட்டை, வச்சு அதுல கை ஊன்றலாம், தப்பே இல்ல. கை இடுப்புலயே இருந்தா அதுவும் முழு உஷ்ட்ராசனம்தான் என்னைக் கேட்டா. இன்னைக்கும் இறுக்கமா இருக்கிற நாள்ல நான் கைய இடுப்ப விட்டு எடுக்கிறதில்ல.

கழுத்த பத்தி தனியா சொல்லியாகணும். தலைய தொங்க போட்டாதான் அழகா இருக்குன்னு ஒரு எண்ணம் எப்படியோ வந்துடுச்சு. கழுத்தெலும்புல ரெண்டு பக்கமும் ஓட்டைக்குள்ள புகுந்து மூளைக்கு ரத்தம் எடுத்துட்டு போற ரத்தக்குழாய் இருக்கு, கழுத்து ரொம்ப பின்னாடி மடிஞ்சா சிலருக்கு அது நசுங்கவோ உள்சுவர் கிழியவோ வாய்ப்பு உண்டு. 1993ல அமெரிக்காவுல ஒரு நரம்பியல் டாக்டர் அஞ்சு பெண்கள பத்தி மருத்துவ இதழ்ல எழுதினார், பார்லர்ல தலை அலசற பேசின்ல கழுத்த பின்னாடி சாச்சு வச்சதுக்கு அப்புறம் நரம்பு பாதிப்பு வந்தவங்க, அதுக்கு பார்லர் ஸ்ட்ரோக்னே பேர் விழுந்துடுச்சு. அபூர்வம்தான், ஆனா வயசானவங்க, பிபி இருக்கிறவங்க, கழுத்து தேய்மானம் இருக்கிறவங்க தலைய தொங்க விடவே வேணாம். மோவாய நெஞ்ச நோக்கி லேசா உள்ள வச்சு, கண்ணு எதிர் சுவரும் கூரையும் சேர்ற இடத்த பாக்கட்டும், போதும். தலை சுத்தினா, கண்ணு மங்கினா, பேச்சு குழறினா உடனே வெளிய வந்துடணும், குழறல் மாதிரி ஏதாவது வந்தா அடுத்த வேலை டாக்டர்தான்.

யார் பண்ணக்கூடாதுங்கற கேள்விக்கு வர்றேன், இதுலதான் குழப்பம் ஜாஸ்தி. "எனக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கு, பின்னாடி வளையலாமா?"ன்னு நெறைய பேர் கேக்கறாங்க, முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை மாதிரியான டிஸ்க் வெளிய பிதுங்கறததான் அப்படி சொல்றாங்க, ஒரே வார்த்தையில பதில் சொல்லவே முடியாது. 1956ல நியூசிலாந்துல ராபின் மெக்கென்ஸின்னு ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கால் வரைக்கும் வலி இறங்கின ஒரு நோயாளி வந்திருக்கார், மெக்கென்ஸி "உள்ள போய் குப்புற படுங்க"ன்னு சொல்லிருக்கார், அந்த டேபிளோட தலைப்பக்கம் முன்னாடி வந்தவருக்காக தூக்கி வச்சிருந்தது யாருக்கும் தெரியல, இவர் அப்படியே முதுகு பின்னாடி வளைஞ்ச நிலையில படுத்துட்டார். மெக்கென்ஸி வந்து பாத்து பதறிப் போயிட்டார், அந்த காலத்துல அப்படி படுக்க வைக்கிறதே ஆபத்துன்னு நினைச்சாங்க. நோயாளி என்னடான்னா பல வாரத்துல இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல, கால் வலி போயிடுச்சுன்னார். அதுலேருந்து வளர்ந்ததுதான் மெக்கென்ஸி முறை, இன்னைக்கும் உலகம் பூரா பிசியோ பண்றவங்க பயன்படுத்தறாங்க. ஆனா அதே பின்வளைவு முதுகுத்தண்டு கால்வாய் குறுகிப் போனவங்களுக்கு, ஸ்டெனோசிஸ்னு சொல்வாங்களே, வலிய கூட்டும், ஏன்னா பின்னாடி வளையும்போது அந்த கால்வாய் இன்னும் குறுகும். நடந்தா கால் மரத்து, குனிஞ்சு உக்காந்தா நிம்மதியா இருக்குன்னா அது பெரும்பாலும் இந்த வகை. ஒரு எலும்பு இன்னொரு எலும்பு மேல முன்னாடி நழுவின ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் இருந்தாலும் வேணவே வேணாம். அதனால எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல டிஸ்க் பல்ஜ்னு இருக்கிறத மட்டும் வச்சு நெட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்கள தொட்டு பாக்கிற டாக்டரோ பிசியோவோ சொல்லட்டும். பின்னாடி வளையும்போது வலி காலுக்கு இறங்குதுன்னா நிறுத்திடுங்க. மரத்துப் போறது, கால்ல பலம் குறையறது, யூரின் கட்டுப்பாடு போறது இதுக்கெல்லாம் ஒரு நாள் கூட தள்ளிப் போடக்கூடாது.

மத்ததையும் சொல்லிடறேன். கட்டுக்குள்ள இல்லாத பிபி, கண் நரம்ப பாதிக்கிற க்ளாக்கோமா, ஹெர்னியான்னு சொல்ற குடலிறக்கம், வயித்துல சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, இவங்கல்லாம் டாக்டர கேக்காம வேண்டாம். கர்ப்பமா இருக்கும்போது வயித்து தசை ஏற்கனவே நீண்டிருக்கு, அத இன்னும் இழுக்க வேணாம், பிரசவத்துக்கு அப்புறமும் வயித்து நடுவுல தசை பிரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிக்கலாம். முட்டி வலி இருக்கிறவங்க மல்லாக்க படுத்து இடுப்ப தூக்கற சேதுபந்தாசனம் பண்ணிக்கலாம், நல்லா ஈடு குடுக்கும். சாப்பிட்டு மூணு நாலு மணி நேரம் ஆகியிருக்கணும், இல்லன்னா குமட்டும்.

நான் வீட்டுல பண்றத பாத்துட்டு ஒரு நாள் எங்கம்மா "ஏன்டி, நானும் இத பண்ணலாமா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு 64 வயசு, எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிருக்கார். "இது வேணாம்மா, உனக்கு வேற வச்சிருக்கேன்"னு சொல்லி குப்புற படுக்க வச்சேன். நெத்தி தரையில, கை உடம்போட பக்கத்துல, மூச்ச எடுக்கும்போது தலையும் தோளும் மட்டும் நாலு விரல் உயரம், அவ்வளவுதான். எலும்பு பலவீனமானவங்க முதுக அசைக்கவே கூடாதுன்னு பயந்துட்டு இருந்தாங்க, ஆனா எந்த பக்கம் அசைக்கிறோம்ங்கறதுல விஷயம் இருக்கு. 1984ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கற ஆஸ்பத்திரியில மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் முதுகெலும்பு பலவீனமான 59 பெண்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு வந்துச்சு. முன்னாடி குனியற பயிற்சி மட்டும் பண்ணவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்புல புதுசா நசுங்கல் வந்திருந்துச்சு, பின்னாடி நிமிர்ற பயிற்சி மட்டும் பண்ணவங்கள்ல 16 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், அதுக்காக நான் அம்மாவ ஒட்டகமா வளைக்கப் போறதில்ல, ஆனா இத படிச்சதுலேருந்து குனிஞ்சு கால்விரல தொட முயற்சி பண்றத அம்மா நிறுத்திட்டாங்க. இப்ப காலையில அவங்களே பாய விரிச்சு "வாடி, எண்ணு"ன்னு கூப்பிடுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து எண்ணுவேன், அஞ்சு எண்றதுக்குள்ள அவங்க தோள்பட்டை ரெண்டும் லேசா நடுங்கும், உடனே இறக்கிடுவோம்.

நம்ம உஷ்ட்ராசனத்துக்கே வர்றேன். எவ்வளவு நேரம்னா மூணுலேருந்து அஞ்சு மூச்சு, ரெண்டு மூணு தடவை. மூச்சு நின்னு போச்சுன்னா நீங்க அளவு தாண்டிட்டீங்க, மூச்சு ஓடற இடம் வரைக்கும் திரும்பி வாங்க. உடம்பு சூடாகாம நேரா இதுக்குள்ள போகாதீங்க, சூரிய நமஸ்காரம் நாலஞ்சு சுத்து, தொடை இடுக்கு நீட்டல், புஜங்காசனம் இதெல்லாம் முடிச்சிட்டு வந்தா உடம்பே வழி விடும். வெளிய வரும்போதும் அடிபட வாய்ப்பு உண்டு. ஒரு கைய மட்டும் எடுத்து முறுக்கிட்டு எழுந்திருக்காதீங்க. ரெண்டு கையையும் இடுப்புக்கு கொண்டு வந்து, தொடைய முன்னாடி தள்ளி, நெஞ்ச முன்ன வச்சு எழும்பணும், தலை கடைசியா வரணும். வந்ததும் டக்குனு முன்னாடி குனிஞ்சு விழாம, கால மடிச்சு குதிகால் மேல உக்கார்ற வஜ்ராசனத்துல முதுகு நேரா வச்சு ஒரு நிமிஷம் உக்காருங்க, அப்புறமா அப்படியே முன்னாடி குனிஞ்சு நெத்திய தரையில வைக்கிற பாலாசனம் போங்க.

அந்த ஒரு நிமிஷத்துல சில பேருக்கு காரணமே இல்லாம அழுகை வரும், சில பேருக்கு படபடப்பா இருக்கும். எனக்கு முதல் வருஷம் ரெண்டு தடவை அழுகை வந்துச்சு, கண்ண மூடி உக்காந்து அழுதுட்டு அப்புறம் எழுந்தேன், யாருகிட்டயும் விளக்கம் சொல்லணும்னு தோணல. உங்களுக்கும் வந்தா பயப்படாதீங்க, அவசரமா அடுத்த ஆசனத்துக்கு ஓடாதீங்க. படபடப்பு அதிகமா இருந்தா அன்னைக்கு அதோட நிறுத்திக்கோங்க.

ஃப்ரெண்டுகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டுக்கிட்டேன், ஃபோட்டோ எடுத்தா நேர் பக்கவாட்டுல, ஃபோன் இடுப்பு உயரத்துல வச்சு எடுன்னு. அப்படி எடுத்தாதான் தொடை செங்குத்தா இருக்கா, வளைவு எங்க விழுதுன்னு தெரியும். நேத்து ராத்திரி அனுப்பினா. சுவத்துல ஒட்டி, கை இடுப்புல, கண்ணு மேல பாத்துட்டு, குதிகாலுக்கு ஒரு முழம் தள்ளி நிக்கறா. கீழ "தொடை விலகல, ஆனா தோள்பட்டைக்கு நடுவுல எரியுது, இது சரியா?"ன்னு கேட்டிருந்தா. எரிச்சல் தசை வேலை செய்யறது, அது சரிதான், குத்தினா மட்டும் சொல்லுன்னு பதில் போட்டேன்.